இரண்டாவது பூட்டு: ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுக்கள் ஏன் கல்லீரலில் மட்டும் இயங்குகின்றன?

ஹெபடைடிஸ் பி தொற்றுக்காகப் பல ஆண்டுகளாக டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரை எடுத்துக்கொள்பவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில், ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும் இரண்டு வரிகள் இருப்பது வழக்கம். வைரஸ் டிஎன்ஏ 'கண்டறியப்படவில்லை' என்று ஒரு வரி சொல்லும். எச்பிஎஸ்ஏஜி எனப்படும் மேற்புற ஆன்டிஜன் 'பாசிட்டிவ்' என்று மற்றொரு வரி சொல்லும். வைரஸே இல்லையென்றால் அதன் புரதம் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று நோயாளி கேட்டால், அது மிகவும் நியாயமான கேள்வி. இரண்டு வரிகளுமே சரியானவைதாம். இந்த மாத்திரைகள், வைரஸ் தன் ஆர்என்ஏவிலிருந்து புதிய டிஎன்ஏவை உருவாக்கும் கட்டத்தை மட்டுமே தடுக்கின்றன. அதற்கு முந்தைய கட்டம், அதாவது கல்லீரல் செல்லின் உட்கருவில் ஏற்கெனவே குடியேறிவிட்ட வைரஸ் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படும் வேலை, மருந்தின் கைக்கு எட்டாமல் தொடர்ந்து நடக்கிறது. அந்த வேலையைச் செய்வது முழுக்க முழுக்கக் கல்லீரலின் சொந்த எந்திரம் என்பதுதான் இந்த வைரஸைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் இதனால் 11 லட்சம் பேர் இறந்தார்கள். இவ்வளவு பெரிய சுமைக்குக் காரணமான வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 3,200 எழுத்துகள் மட்டுமே கொண்டது. மனிதரைத் தாக்கும் டிஎன்ஏ வைரஸ்களில் இதைவிடச் சிறியவை மிகச் சில. அந்தச் சிறுமையிலிருந்தே அதன் சார்பும் பிறக்கிறது. தனக்கென்று ஆர்என்ஏ படியெடுக்கும் நொதியை வைத்துக்கொள்ள அதில் இடமில்லை. எந்த மரபணுவை எப்போது படியெடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் படியெடுத்தல் காரணிகளை வைத்துக்கொள்ளவும் இடமில்லை. இரண்டையும் அது கல்லீரல் செல்லிடமிருந்தே கடன் வாங்குகிறது.

கல்லீரலை மட்டும் இந்த வைரஸ் தேர்ந்தெடுப்பது ஏன் என்று கேட்டால், வழக்கமாகக் கிடைக்கும் விடை வாசலைப் பற்றியது. ரத்தத்தில் திரும்பி வரும் பித்த அமிலங்களை உள்ளே இழுத்துக்கொள்வதற்காகக் கல்லீரல் செல்லின் சவ்வில் என்டிசிபி என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்பதை 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லி தலைமையிலான குழு கண்டறிந்தது. பல்லாண்டுத் தேடலுக்கு முற்றுப்புள்ளி வைத்த கண்டுபிடிப்பு அது. அந்த வாசலை அடைக்கும் புலெவிர்டைட் என்ற மருந்து 2020இல் ஐரோப்பாவில் ஹெபடைடிஸ் டி நோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் வாசல் முதல் பூட்டு மட்டுமே. உள்ளே வந்த டிஎன்ஏவைப் படிப்பதற்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இரண்டு பூட்டுகளும் வெவ்வேறானவை என்பதை ஹெபடைடிஸ் டி வைரஸே நமக்குக் காட்டித் தருகிறது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் உறையைப் போர்த்திக்கொண்டு, அதே என்டிசிபி வாசல் வழியாகவே நுழைகிறது. ஆயினும் அதன் ஆர்என்ஏவை ஆய்வகத்தில் கல்லீரல் சாராத செல்களுக்குள் நேரடியாகச் செலுத்தினால், அங்கும் அது பெருகுகிறது. அதற்கு முதல் பூட்டு மட்டும்தான் உண்டு. ஹெபடைடிஸ் பி டிஎன்ஏவைச் சாதாரண நார்த்திசு செல்லுக்குள் அதேபோல் செலுத்தினால், வாசலைக் கடந்துவிட்ட பிறகும் அதன் பெருக்கம் தொடங்குவதில்லை.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று ஒரு சுண்டெலியிலிருந்து வந்தது. வைரஸின் முழு மரபணுத் தொகுதியையும் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சுமக்கும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளை ஃபிரான்சிஸ் சிசாரியின் ஆய்வுக்குழு 1995இல் விவரித்தது. வைரஸ் டிஎன்ஏ எல்லா உறுப்புகளிலும் இருந்தது. வாசல் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இருந்தும் வைரஸ் பெருகியது முக்கியமாகக் கல்லீரலில். அடுத்ததாகச் சிறுநீரகத்தின் நுண்குழல்களில். சிறுநீரகம் எங்கிருந்து வந்தது என்று முதலில் வியப்பாக இருக்கலாம். கல்லீரல் தன் மரபணுக்களை இயக்கப் பயன்படுத்தும் எச்என்எஃப்1, எச்என்எஃப்4 என்ற காரணிகள் அந்த நுண்குழல் செல்களிலும் உற்பத்தியாகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு வியப்பு அடங்கிவிடும்.

இந்தக் காரணிகள் வைரஸுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஆனால் அல்புமினைச் சுரப்பது கல்லீரல் செல் மட்டுமே. அந்த வேறுபாட்டை உண்டாக்குபவை எச்என்எஃப்1, ஃபாக்ஸ்ஏ என்று இப்போது அழைக்கப்படும் எச்என்எஃப்3, எச்என்எஃப்4, சி/இபிபி முதலிய காரணிகளின் கூட்டணி. ஒவ்வொன்றும் டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. எச்என்எஃப்4 ஆல்ஃபாவின் ஆளுகை எவ்வளவு பரந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மனிதக் கல்லீரல் செல்லில் இயங்கிக்கொண்டிருக்கும் மரபணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கின் அருகே அது ஒட்டிக்கொண்டிருப்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தக் காரணியின் மரபணுவில் பிறவிக் குறை இருந்தால் இளம் வயதிலேயே ஒருவகை நீரிழிவு வருகிறது. கணையத்திலும் அதற்கு வேலை இருக்கிறது.

வைரஸ் செய்திருப்பது, இந்தக் காரணிகள் தேடும் அதே எழுத்து வரிசைகளைத் தன் டிஎன்ஏவில் பொதித்து வைத்திருப்பதுதான். செல்லுக்குள் நுழைந்ததும் அதன் டிஎன்ஏ உட்கருவை அடைந்து, இடைவெளிகள் அடைக்கப்பட்டு, முழுமையாக மூடிய வட்டமாகிறது. பின்னர் செல்லின் டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் அதுவும் சுற்றிக்கொண்டு, ஒரு குட்டிக் குரோமோசோம்போல் அங்கேயே தங்கிவிடுகிறது. கல்லீரல் செல்லின் பார்வையில் அது தன் சொந்த மரபணுக்களில் ஒன்றைப் போலவே தெரிகிறது. அந்த வட்டத்தில் படியெடுத்தல் தொடங்கும் இடங்களான புரோமோட்டர்கள் நான்கும், அவற்றின் வேகத்தைக் கூட்டும் என்ஹான்சர்கள் இரண்டும் உள்ளன. முதல் என்ஹான்சர் கல்லீரலில் ஓங்கி இயங்கினாலும் வேறு சில செல்களிலும் ஓரளவு வேலை செய்யும். இரண்டாவது கல்லீரலைவிட்டு வெளியே ஏறக்குறைய முடங்கிவிடும். இத்தனை கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கென்று தனி இடம் ஒதுக்க வைரஸிடம் வசதி இல்லாததால், புரதத்தைக் குறிக்கும் எழுத்துகளின் மேலேயே அவை எழுதப்பட்டிருக்கின்றன. ஓலைச்சுவடியில் ஒரே வரியை இரண்டு விதமாகப் பிரித்துப் படிக்கும்படி எழுதிய சிலேடையை ஒத்தது அது. இரண்டு பொருளும் கெடாமல் ஓர் எழுத்தை மாற்றுவது கடினம்.

நான்கு புரோமோட்டர்களும் ஒரே அளவுக்குக் கல்லீரலைச் சார்ந்தவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வைரஸின் உறையில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவுகளில் புரதங்கள் உள்ளன. பரிசோதனை அறிக்கையில் மேற்புற ஆன்டிஜன் என்று வருவது இவைதாம். பெரியதற்கான புரோமோட்டரில் எச்என்எஃப்1 ஒட்டும் இடம் இருக்கிறது. அந்தக் காரணி இல்லாத செல்லில் அது பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். மற்ற இரண்டு புரதங்களுக்கான புரோமோட்டரோ, எஸ்பி1, என்எஃப்-ஒய் போன்று எங்கும் கிடைக்கும் காரணிகளைக் கொண்டே இயங்கிவிடும். இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய உறைப் புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியானால், அது மற்ற உறைப் புரதங்களையும் சேர்த்துச் செல்லுக்குள்ளேயே தேக்கிவிடும். எனவே பெரியது அளவாகவும் சிறியது தாராளமாகவும் வெளிவர வேண்டும். அந்த விகிதத்தைப் பராமரிக்கும் பொறுப்பு, ஒரு புரோமோட்டரைக் கல்லீரலின் கட்டுப்பாட்டிலும் மற்றொன்றைப் பொதுவழியிலும் விட்டிருப்பதில் அடங்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் செறிவான பகுதி கோர் புரோமோட்டர். அங்கிருந்து இரண்டு நீண்ட ஆர்என்ஏக்கள் புறப்படுகின்றன. அவை தொடங்கும் இடங்களுக்கிடையே முப்பது எழுத்து அளவுக்குத்தான் இடைவெளி. சற்று முன்னால் தொடங்குவது இ ஆன்டிஜனை உருவாக்குகிறது. வைரஸின் பெருக்கத்துக்கு அது தேவையில்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கவனத்தைத் திசைதிருப்பவே பயன்படுவதாகக் கருதப்படுகிறது. சற்றுப் பின்னால் தொடங்குவதே அடிப்படை ஆர்என்ஏ: வைரஸின் உட்கூட்டுப் புரதமும் டிஎன்ஏவை உருவாக்கும் நொதியும் அதிலிருந்து வருகின்றன, அதுவே உட்கூட்டுக்குள் அடைபட்டு, புதிய டிஎன்ஏவாக மாற்றப்படுகிறது. ஆகவே இந்த ஒரே ஆர்என்ஏ உருவாவதுதான் வைரஸ் பெருகுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்தக் காரணி அதை இயக்குகிறது என்ற கேள்வியை 2001இல் ஹாங் டாங், ஆலன் மெக்லாக்லன் ஆகியோரின் ஆய்வு நேரடியாக எதிர்கொண்டது. கல்லீரல் காரணிகள் இல்லாத சுண்டெலி நார்த்திசு செல்களில் வைரஸ் டிஎன்ஏவைச் செலுத்தி, கூடவே ஒவ்வொரு கல்லீரல் காரணியையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எச்என்எஃப்1, எச்என்எஃப்3, சி/இபிபி ஆகியவற்றில் எதைத் தனியாகச் சேர்த்தாலும் பெருக்கம் தொடங்கவில்லை. எச்என்எஃப்4ஐச் சேர்த்தபோது தொடங்கியது. ஆர்எக்ஸ்ஆர் ஆல்ஃபா, பிபிஏஆர் ஆல்ஃபா என்ற இரண்டையும் இணையாகச் சேர்த்தபோதும் தொடங்கியது. தோல் அடியில் நார் நெய்துகொண்டிருக்க வேண்டிய வகைச் செல் ஒன்று, ஒரே ஒரு புரதம் கிடைத்தவுடன் கல்லீரல் வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கியது. இன்னொரு திருப்பமும் அதில் இருந்தது: எச்என்எஃப்3ஐயும் கூடவே சேர்த்தால் அந்தப் பெருக்கம் குறைந்தது. கல்லீரலில் அதிகம் இருப்பதெல்லாம் வைரஸுக்கு நன்மை என்று முடிவு கட்டிவிட முடியாது.

எச்என்எஃப்4, பிபிஏஆர், ஆர்எக்ஸ்ஆர் ஆகிய மூன்றும் உட்கரு ஏற்பிகள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பல, கொழுப்பு அமிலம், பித்த அமிலம், ஹார்மோன் போன்ற சிறு மூலக்கூறுகளின் அளவை உணர்ந்து, அதற்கேற்ப மரபணுக்களை முடுக்கியும் அடக்கியும் வேலை செய்கின்றன. வைரஸ் தன் உயிர்நாடியான ஆர்என்ஏவை இவற்றின் கையில் ஒப்படைத்திருப்பதால், கல்லீரலின் அன்றாட வரவுசெலவே வைரஸின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது. பட்டினி கிடக்கும்போது கல்லீரல் குளுக்கோஸைத் தானே உருவாக்கத் தொடங்குகிறது. அதற்காகப் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற துணைக்காரணி பெருகி, எச்என்எஃப்4 போன்ற ஏற்பிகளோடு சேர்ந்துகொள்கிறது. சுண்டெலிகளைப் பட்டினி போட்டால் வைரஸ் மரபணுக்களின் இயக்கம் உயர்வதையும், மீண்டும் உணவளித்தால் தணிவதையும் இஸ்ரேலின் வெய்ஸ்மான் நிறுவனத்தில் யோசெஃப் ஷாவுலின் குழு 2006இல் காட்டியது. குளுக்கோஸ் ஆக்கும் மரபணு ஒன்றைக் கல்லீரல் எப்படி நடத்துகிறதோ, ஏறத்தாழ அப்படியே வைரஸின் மரபணுக்களையும் நடத்துகிறது. எலியில் கண்ட இந்த முடிவை வைத்துக்கொண்டு, நோயாளிகள் விரதம் இருக்கலாமா கூடாதா என்று அறிவுரை சொல்லப் புறப்படுவது அவசரம்.

பித்த அமிலத்தின் கதை இதைவிட நயமானது. பித்த அமிலத்தை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற உட்கரு ஏற்பி ஒட்டுவதற்கும் வைரஸ் டிஎன்ஏவில் இடங்கள் உள்ளன. பித்த அமிலத்தின் வாசலில் நுழைந்த வைரஸ், உள்ளே போய்ப் பித்த அமிலத்தின் காவலரையே தன் பணிக்கும் அமர்த்திக்கொள்கிறது. முதல் பூட்டும் இரண்டாவது பூட்டும் ஒரே வீட்டுக்காரருடையவை.

ஆண்களுக்கு இந்த நோயின் தீவிரமும் கல்லீரல் புற்றுநோயும் பெண்களைவிட அதிகம் வருவது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அதற்கான காரணத்தின் ஒரு பகுதியும் இங்கேயே இருக்கிறது. முதல் என்ஹான்சரில் ஆண்ட்ரோஜன் ஏற்பி ஒட்டும் இடம் உண்டு. அது வைரஸை முடுக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ எச்என்எஃப்4ஐப் பிடித்துக்கொண்டு, அது வைரஸ் டிஎன்ஏவில் ஒட்டுவதைக் குறைக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகளின் ஏற்பிக்கும் வைரஸில் இடம் இருப்பது 1980களிலேயே தெரியவந்தது. ஸ்டீராய்டும் புற்றுநோய் மருந்துகளும் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு முதன்மைக் காரணம் நோய் எதிர்ப்பு தளர்வதுதான். ஆனால் ஸ்டீராய்டு வைரஸின் படியெடுத்தலை நேரடியாகவும் தூண்டக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-6, கல்லீரல் செல்லில் எச்என்எஃப்1, எச்என்எஃப்4 இரண்டின் அளவையும் குறைத்து, செல்லைக் கொல்லாமலேயே வைரஸின் குரலைத் தாழ்த்துகிறது.

வைரஸ் இந்தக் கட்டுப்பாட்டைத் தனக்கேற்பத் திருத்தி எழுதுவதும் உண்டு. நாள்பட்ட தொற்றில் அடிக்கடி காணப்படும் ஒரு திடீர்மாற்றம், கோர் புரோமோட்டரின் 1762, 1764 ஆகிய இரண்டு இடங்களில் எழுத்துகளை மாற்றிவிடுகிறது. இரண்டே எழுத்துகள். அங்கிருந்த உட்கரு ஏற்பி ஒட்டும் இடம் அழிந்து, அதே இடத்தில் எச்என்எஃப்1 ஒட்டும் இடம் ஒன்று முளைக்கிறது. இ ஆன்டிஜனுக்கான ஆர்என்ஏ குறைகிறது. அடிப்படை ஆர்என்ஏ குறைவதில்லை. இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், அறிக்கையில் 'இ ஆன்டிஜன் நெகட்டிவ்' என்று வந்ததை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

காரணிகள் தயாராக இருந்தும் வைரஸ் டிஎன்ஏ இறுக்கமாகச் சுருண்டு கிடந்தால் பயனில்லை. குரோமோசோமில் சேராமல் தனியாக மிதக்கும் வட்ட டிஎன்ஏவைக் கண்டால் அதை மௌனமாக்கிவிட எஸ்எம்சி5/6 என்ற புரதக் கூட்டமைப்பு நம் செல்லில் இருக்கிறது. வைரஸின் எக்ஸ் புரதம் வெறும் 154 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லின் கழிவகற்றும் அமைப்பில் டிடிபி1 என்ற புரதத்தைப் பிடித்து, அதன் வழியாக எஸ்எம்சி5/6ஐ அழிவுக்கு அனுப்புவதே அதன் முக்கியப் பணி என்பது 2016இல் தெளிவானது. எக்ஸ் புரதம் இல்லையென்றால் கல்லீரலின் அத்தனை காரணிகளும் கைவசம் இருந்தும் வட்ட டிஎன்ஏ பேசாது.

இங்கே தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் கடக்க முடியாது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழகிய வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன், இந்த வைரஸின் மேற்புற ஆன்டிஜனைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் இணைந்து, கீழாநெல்லியை நாள்பட்ட தொற்றாளர்களிடம் சோதித்த முடிவுகளை 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார். முப்பது நாள் மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்புற ஆன்டிஜன் மறைந்ததாகவும், ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கே அது மறைந்ததாகவும் அதில் சொல்லப்பட்டது. பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லி இன்றைய சிகிச்சை நெறிகளில் இடம்பெறவில்லை. ஆனால் 1997இல் தியாகராஜனும் பங்கேற்ற ஓர் ஆய்வு, கீழாநெல்லிச் சாறு முதல் என்ஹான்சரில் சி/இபிபி, எச்என்எஃப்3 காரணிகள் ஒட்டுவதைச் செல்வளர்ப்பில் தடுக்கிறது என்று காட்டியது. நோயாளியிடம் நிறுவ முடியாத மருந்து, ஆய்வகத்தில் சரியாக இந்த இரண்டாவது பூட்டின் மேல் கைவைத்தது என்பது கவனத்துக்குரியது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுவதற்கு இது சான்றாகாது. அப்படித் திடீரென்று நிறுத்துவது கல்லீரலையே பழுதாக்கும் அளவுக்கு நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

கல்லீரல் காரணிகளை மருந்தால் அடக்கிவிட்டால் என்ன என்ற யோசனை எளிதாக எழும். எச்என்எஃப்4ஐக் கல்லீரலில் மட்டும் நீக்கிய சுண்டெலிகளில் கல்லீரலில் கொழுப்பு தேங்கி, பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்தன. வைரஸ் கடன் வாங்கும் சாவிகள் வீட்டுக்காரருக்கும் அன்றாடம் வேண்டியவை. அதனால் ஆய்வாளர்களின் கண் வைரஸுக்கே உரிய எக்ஸ் புரதத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. எக்ஸ் புரதமும் டிடிபி1ம் இணைவதைத் தடுக்கும் மூலக்கூறுகளைத் தேடியபோது, ஒட்டுண்ணிகளால் வரும் வயிற்றுப்போக்குக்குப் பயன்படும் நைட்டசாக்ஸனைடு அந்த வேலையை ஆய்வகச் செல்களில் செய்வதாக 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். எஸ்எம்சி5/6 மீண்டால் வட்ட டிஎன்ஏ அடங்கும். ஆனால் நீண்ட காலத் தொற்றில் வைரஸ் டிஎன்ஏவின் துண்டுகள் நம் குரோமோசோம்களுக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. எஸ்எம்சி5/6 தனியாக மிதக்கும் வட்டத்தைத்தான் அடக்கும், குரோமோசோமில் பதிந்ததை அடக்காது. அப்படிப் பதிந்த துண்டுகளில் பல சமயம் முழுதாக மிஞ்சுவது, எங்கும் கிடைக்கும் காரணிகளைக் கொண்டே இயங்கக்கூடிய அந்தச் சிறிய உறைப் புரதத்தின் புரோமோட்டரும் மரபணுவும். வட்ட டிஎன்ஏ முற்றிலும் மௌனமான பிறகும், அறிக்கையின் மேற்புற ஆன்டிஜன் வரி 'பாசிட்டிவ்' என்றே தொடரக்கூடும்.